செய்வதைச் சொல், சொன்னதைச் செய்

கிளவுடில் கட்டமைப்பை எழுப்பும் கருவியான டெராஃபார்மை அமேசானுக்காகப் பயன்படுத்தும் எந்த புராஜெக்ட்டை எடுத்தாலும், அதன் ஃபோல்டருக்குள் பெயர் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவான ஃபோல்டர் இருக்கும். அதற்குள் சில படிகள் இறங்கினால் நூற்றுக்கணக்கான எம்பி எடையுள்ள ஒரு ஃபைல் அகப்படும். அமேசான் கிளவுடில் சர்வர் எழுப்பவும், நெட்வொர்க் இழுக்கவும், டேட்டாபேஸை அழிக்கவும் தெரிந்த புரோகிராம் அது. ஆனால் டெர்மினலில் அதை நேரடியாக இயக்கிப் பார்த்தால் ஒன்றும் செய்யாது. தான் ஒரு பிளகின் என்றும், தன்னை நேரடியாக இயக்கக்கூடாது என்றும், தன்னைப் பயன்படுத்தும் புரோகிராமை இயக்குமாறும் இரண்டு மூன்று வரியில் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

தன்னைக் கூப்பிட்டது மனிதரா, டெராஃபார்மா என்று அதற்கு எப்படித் தெரிகிறது? டெராஃபார்ம் இந்த பிளகினைத் தொடங்கும்போது, ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நீண்ட சரம் ஒன்றை வைத்துவிட்டுத் தொடங்கும். அந்தச் சரம் இருந்தால் பிளகின் வேலைக்குத் தயாராகும், இல்லையென்றால் மறுத்துவிடும். சரம் ரகசியமானது அல்ல. டெராஃபார்மின் சோர்ஸ் கோடில் யாரும் படிக்கலாம். அது பூட்டு இல்லை. தெரியாமல் இயக்கிவிடும் மனிதருக்குப் புரியும்படி பதில் சொல்வதற்காக வைத்த ஏற்பாடு.

சரம் சரியாக இருந்தால் பிளகின் தன் வெளியீட்டில் ஒரே ஒரு வரி எழுதும். செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட சில துண்டுகள்: கைகுலுக்கும் முறையின் பதிப்பு எண், டெராஃபார்மோடு பேசும் நெறிமுறையின் பதிப்பு எண், இணைப்பின் வகை, முகவரி, பேசப்போகும் மொழி. லினக்ஸிலும் மேக்கிலும் அந்த முகவரி ஒரு யூனிக்ஸ் சாக்கெட். விண்டோஸில் அதே கணினிக்குள் திறக்கும் ஒரு டிசிபி போர்ட். டெராஃபார்ம் அந்த வரியைப் படித்து, சொன்ன முகவரிக்குப் போய் இணைப்பை ஏற்படுத்துகிறது. அதன் பிறகு இரண்டு புரோகிராம்களும் ஜிஆர்பிசி வழியாகக் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்கின்றன. வேலை முடிந்ததும் டெராஃபார்ம் பிளகினை நிறுத்திவிடும். உலகெங்கும் ஒவ்வொரு முறை ஒருவர் டெராஃபார்மில் பிளான் (என்னென்ன மாறப் போகிறது என்ற முன்னோட்டம்) போடும்போதும் இந்தச் சந்திப்பு நடக்கிறது.

இந்த பிளகின்களுக்கு டெராஃபார்ம் உலகில் ப்ரொவைடர் என்று பெயர்.

மிட்செல் ஹஷிமோட்டோ, அர்மோன் தாத்கர் இருவரும் 2012இல் தொடங்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்மின் முதல் பதிப்பை 2014 ஜூலையில் வெளியிட்டது. அமேசான் தன் கிளவுடுக்கு மட்டுமான கிளவுட்ஃபார்மேஷனை 2011லேயே கொண்டுவந்திருந்தது. டெராஃபார்மின் நோக்கம் வேறு: எந்த நிறுவனத்தின் கிளவுடாக இருந்தாலும், வேண்டிய கட்டமைப்பை ஒரே மொழியில் எழுதி, ஒரே கருவியால் எழுப்பிவிட வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வழிதான் இந்த அத்தியாயத்தின் விஷயம். டெராஃபார்மின் மைய புரோகிராமுக்கு எந்த கிளவுடையும் பற்றி எதுவும் தெரியாது. சர்வர் என்றால் என்ன, பக்கெட் என்றால் என்ன, மும்பை ரீஜனின் முகவரி எது, எதுவுமே தெரியாது. ஒரு பொருளுக்கு இன்னொன்று தேவை என்பதைக் கண்டுபிடித்து வரிசைப்படுத்தவும், எழுதப்பட்டதையும் இருப்பதையும் ஒப்பிடவும், இதுவரை கட்டியதன் கணக்கை ஸ்டேட் ஃபைலில் வைத்திருக்கவும் மட்டும் அதற்குத் தெரியும். மற்ற எல்லா அறிவும் ப்ரொவைடரிடம் இருக்கிறது.

ஆரம்ப ஆண்டுகளில் எல்லா ப்ரொவைடர்களின் கோடும் மைய புரோகிராமோடு ஒரே களஞ்சியத்தில் கிடந்தது. அமேசான் புதிதாக ஒரு சேவை தொடங்கினால், அதற்கான நாலு வரி மாற்றம்கூட டெராஃபார்மின் அடுத்த வெளியீடு வரை காத்திருக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் வந்த 0.10 பதிப்பில் இரண்டையும் பிரித்தார்கள். ஒவ்வொரு ப்ரொவைடருக்கும் தனிக் களஞ்சியம், தனிப் பதிப்பு எண், தனி வேகம். 2020இல் வந்த 0.13 பதிப்பில், ஹாஷிகார்ப் அல்லாத எவர் எழுதிய ப்ரொவைடரையும், ப்ரொவைடர்களின் பொதுப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியிலிருந்து தானாக இறக்கிக்கொள்ளும் வசதி வந்தது.

ஏன் தனி புரோகிராம்? சாதாரண லைப்ரரியாக உள்ளே இணைத்தால் போதாதா? இதற்கான காரணத்தில் பாதி கோ மொழியின் இயல்பு. கோ புரோகிராம்கள் பொதுவாக எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒற்றை ஃபைலாகக் கட்டப்படுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய துண்டு ஒன்றைக் கொண்டுவந்து செருகுவது அந்த மொழியில் எளிதல்ல. ஹாஷிகார்ப் தன் இன்னொரு கருவியான பேக்கருக்காக இந்தச் சிக்கலை முன்பே தீர்த்திருந்தது: பிளகினைத் தனி புராசஸாக ஓடவிட்டுப் பேசிக்கொள்வது. கோ-பிளகின் என்ற பெயரில் அது தனி லைப்ரரியாகவே கிடைக்கிறது. மறுபாதிக் காரணம் பாதுகாப்பு. ஒரு ப்ரொவைடர் தடுமாறி விழுந்தாலும் மைய புரோகிராம் விழாது. அதுவரை நடந்ததை ஸ்டேட் ஃபைலில் எழுதிவிட்டு, பிளகின் விழுந்துவிட்டது என்று முறையாகச் சொல்ல முடியும். பாதி கட்டிய கட்டமைப்பின் கணக்கு தொலையாமல் இருப்பது இந்தத் துறையில் சாதாரண விஷயமில்லை.

இதற்கு விலையும் உண்டு. ஒரே கிளவுடின் பத்து ரீஜன்களில் வேலை இருந்தால், பத்துக்கும் தனித்தனி அமைப்பு எழுத வேண்டியிருந்தது; ஒவ்வோர் அமைப்புக்கும் அந்தப் பெரிய புரோகிராமின் ஒரு பிரதி மெமரியில் ஏறும். பெரிய நிறுவனங்களில் சின்ன சிஐ மெஷின்கள் இதனாலேயே மூச்சுத் திணறின. 2025இல் வந்த அமேசான் ப்ரொவைடரின் 6.0 பதிப்புதான், ரீஜனை ஒவ்வொரு பொருளிலும் நேரடியாக எழுத அனுமதித்து, ஒரே பிரதி பல ரீஜன்களைப் பார்த்துக்கொள்ளும்படி செய்தது.

இனி அந்தப் பேச்சுவார்த்தைக்குள் போகலாம். மும்பை ரீஜனில் ஒரு சிறிய சர்வர் வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது: எந்த இமேஜிலிருந்து, எந்த அளவில், என்ன பெயர்ச்சீட்டோடு. டெராஃபார்ம் முதலில் கேட்பது, "உனக்கு என்னென்ன பொருள் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் என்னென்ன விவரங்கள்?" ப்ரொவைடர் தன் முழுப் பட்டியலையும் கொடுக்கும். இது எழுத்தா எண்ணா, கட்டாயமா விருப்பமா, பயனர் தருவதா கிளவுட் தருவதா, மறைக்க வேண்டியதா என்று ஒவ்வொரு விவரத்துக்கும் குறிப்பு இருக்கும். எழுதியதில் பிழை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பிறகு சாவிகளையும் ரீஜனையும் கொடுத்துத் தயாராகச் சொல்கிறது. பொருள் ஏற்கெனவே இருந்தால், அது இப்போது எப்படி இருக்கிறது என்று கிளவுடில் போய்ப் பார்த்துவரச் சொல்கிறது.

அதன் பிறகு வருவதுதான் முக்கியமான கேள்வி: "இருப்பது இது, வேண்டியது இது. நீ என்ன செய்யப் போகிறாய்?"

சர்வரின் அளவை மட்டும் டி3 மைக்ரோவிலிருந்து டி3 ஸ்மாலுக்கு மாற்றியிருந்தால், அமேசான் ப்ரொவைடர் அதே சர்வரைத் திருத்துவதாகச் சொல்லும். நிறைவேற்றும்போது சர்வரை நிறுத்தி, அளவை மாற்றி, மறுபடி ஓடவிடும். இமேஜை மாற்றியிருந்தால் கதை வேறு. பழையதை அழித்துப் புதிதாகக் கட்டுவதே வழி என்று ப்ரொவைடர் சொல்லும்; பிளானில் அந்த வரிக்கு முன்னால் கழித்தலும் கூட்டலும் சேர்ந்த குறி வரும், இந்த மாற்றம்தான் காரணம் என்ற குறிப்பும் வரும். கோடில் இரண்டுமே ஒரு வரித் திருத்தம்தான். ஒன்றில் சில நிமிடத் தடங்கல், இன்னொன்றில் சர்வரே போய்விடும். இந்த வேறுபாடு மைய புரோகிராமுக்குத் தெரியாது. ப்ரொவைடரை எழுதிய யாரோ ஒருவர், ஆயிரக்கணக்கான விவரங்களில் ஒவ்வொன்றுக்கும் எது எந்த வகை என்று படித்து, சோதித்து, குறித்து வைத்திருக்கிறார்.

வீட்டை இடித்துக் கட்டும் நல்ல மேஸ்திரி, சன்னலைப் பெரிதாக்கக் கேட்டால், அதற்கு மேலிருக்கும் சுவரையும் இறக்க வேண்டும் என்று கடப்பாரையை எடுப்பதற்கு முன்பே சொல்வார். ப்ரொவைடரிடம் எதிர்பார்க்கப்படுவதும் அந்த நேர்மைதான்.

எல்லாவற்றையும் முன்பே சொல்ல முடியாது என்பதும் உண்மை. புதிய சர்வரின் ஐபி முகவரியையும் அடையாள எண்ணையும் அமேசான் பிறகுதான் தரும். இங்கே தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நெறிமுறையில் இடம் வைத்திருக்கிறார்கள். காலியான மதிப்பு வேறு, இனிமேல்தான் தெரியும் என்ற மதிப்பு வேறு. பிளானில் அது 'அப்ளைக்குப் பிறகு தெரியும்' என்று வரும். இன்னொரு பொருள் அந்த முகவரியைப் பயன்படுத்தினால், அதன் விவரமும் தெரியாததாகவே நகரும். மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் இல்லாத ஒன்றையும் கட்ட முன்கூட்டியே திட்டம் போட முடிவது இதனால்தான்.

பயனர் பிளானைப் பார்த்துச் சரி என்றதும் ப்ரொவைடருக்கு அடுத்த கட்டளை போகிறது: சொன்னதைச் செய். உருவாக்குவது, திருத்துவது, அழிப்பது மூன்றுக்கும் ஒரே அழைப்புதான். வேண்டிய நிலை 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அழிக்க வேண்டும் என்று பொருள். செய்து முடித்ததும் இறுதி நிலையைத் திருப்பித் தர வேண்டும். இங்கே மைய புரோகிராம் ஒரு காரியம் செய்கிறது. பிளானில் கொடுத்த வாக்கையும் இப்போது வந்த முடிவையும் ஒவ்வொரு விவரமாக ஒப்பிடுகிறது. பிளானில் தெரியும் என்று சொன்ன மதிப்பு ஒன்று மாறி வந்திருந்தால் பிழையாக அறிவிக்கிறது. அந்தப் பிழைச் செய்தியில், இது ப்ரொவைடரில் உள்ள பிழை, அதை அந்த ப்ரொவைடரின் களஞ்சியத்தில் தெரிவியுங்கள் என்றே எழுதியிருக்கும். தவறு யாருடையது என்பதில் மழுப்பல் கிடையாது.

இந்தக் கண்டிப்பு, ஜிஆர்பிசி நெறிமுறையோடு 2019இல் வந்த 0.12 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட ப்ரொவைடர்கள் பல, அவற்றை எழுதப் பயன்பட்ட பழைய கருவிப்பெட்டியின் இயல்பால், வாக்கைச் சின்னச் சின்ன இடங்களில் மீறிக்கொண்டிருந்தன: காலியான சரத்துக்கும் இல்லாத சரத்துக்கும் வேறுபாடு பார்க்காதவை அவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிராகரித்தால் உலகம் நின்றுவிடும். அதனால் நெறிமுறையிலேயே, பழைய கருவிப்பெட்டியால் கட்டப்பட்டது என்று அறிவித்துக்கொள்ளும் ஒரு குறி வைத்தார்கள். அந்தக் குறி உள்ள ப்ரொவைடரின் மீறல்கள் லாகில் எச்சரிக்கையாகப் பதிவாகும், வேலை நிற்காது. புதிய கருவிப்பெட்டியில் அந்தச் சலுகை இல்லை. பழையதை உடைக்காமல் தரத்தை உயர்த்துவது எப்படி என்று கேட்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

நிறைவேற்றும் வேலையில்தான் ப்ரொவைடர் எழுதுபவரின் உழைப்பு அதிகம் போகிறது. கிளவுடின் ஏபிஐயைக் கூப்பிடுவது எளிது. கூப்பிட்ட பிறகு கிளவுட் நடந்துகொள்ளும் விதம்தான் கடினம். சர்வர் வேண்டும் என்றதும் அமேசான் சரி என்று பதில் சொல்லிவிடும். சர்வர் அப்போது இருக்காது, உருவாகிக்கொண்டிருக்கும். ஓடும் நிலைக்கு வரும்வரை ப்ரொவைடர் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். அனுமதிகளைக் கவனிக்கும் ஐஏஎம் சேவையில் ஒரு ரோலை உருவாக்கி, அடுத்த நொடியே அதை, கோடை ஓட்டும் லாம்டா சேவையின் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், அந்த ரோலை ஏற்க முடியவில்லை என்று லாம்டா மறுக்கலாம். ரோல் இருக்கிறது, செய்தி இன்னும் எல்லா மூலைக்கும் போய்ச் சேரவில்லை. இந்த ஒரு பிழைச் செய்தியை அடையாளம் கண்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல வேண்டும் என்று ப்ரொவைடருக்குள் எழுதியிருக்கிறார்கள். வேறு காரணத்தால் வரும் மறுப்புக்கு அப்படி முயலக் கூடாது, உடனே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. லாம்டாவின் நெட்வொர்க் அமைப்பை அமேசான் 2019 செப்டம்பரில் மாற்றத் தொடங்கியது. ஃபங்ஷன் வேகமாகத் தொடங்கும். ஆனால் அது பயன்படுத்திய சப்நெட்டையும் செக்யூரிட்டி குரூப்பையும் அழிக்க 45 நிமிடம் வரை ஆகலாம். ப்ரொவைடரின் ஆவணத்தில் இன்றும் அந்தக் குறிப்பு உண்டு, 2.31 பதிப்பிலிருந்து ப்ரொவைடரே அவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருக்கும். கிளவுட் நிறுவனத்தின் உள்கட்டமைப்பில் நடந்த ஒரு மாற்றம், யாரோ ஒருவரின் வேலை நேரத்தில் முக்கால் மணி நேரத் தாமதமாக வந்து நின்றதைத் தன் தோளில் வாங்கிக்கொண்டது இந்த இடைப் புரோகிராம்தான்.

பொருள் ஒன்றை எந்த அளவில் வெட்டுவது என்பதும் ப்ரொவைடர் எழுதுபவரின் தீர்ப்பு. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்3 பக்கெட் இதற்குச் சரியான உதாரணம். பயனரின் பார்வையில் பக்கெட் ஒரு பொருள். அமேசானின் ஏபிஐயில் அதை உருவாக்க ஓர் அழைப்பு, பழைய பதிப்புகளைச் சேமிக்க வேறோர் அழைப்பு, பழையவற்றைக் கழிக்கும் விதிக்கு இன்னொன்று, என்க்ரிப்ஷனுக்கு, லாகுக்கு என்று நீளும். தொடக்கத்தில் ப்ரொவைடர் இவை அனைத்தையும் ஒரே பொருளுக்குள் வைத்திருந்தது. எழுத வசதி. ஆனால் ஒரு பக்கெட்டின் நிலையைப் படிக்கவே ஏகப்பட்ட அழைப்புகள், அவை ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி. 2022 பிப்ரவரியில் வந்த 4.0 பதிப்பில் அதைத் தனித்தனிப் பொருள்களாகப் பிரித்தார்கள். ஏபிஐயின் கணக்கில் அது சரியான முடிவு. பயனர்களின் கணக்கில் அது பேரிடி: ஆயிரக்கணக்கான பக்கெட்டுகளை வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. எதிர்ப்பு கடுமையாக வந்தது. இரண்டு மாதத்தில் வந்த 4.9 பதிப்பில் பழைய எழுத்து முறையையும் மறுபடி அனுமதித்து, அது கைவிடப்படப் போகிறது என்ற எச்சரிக்கையை மட்டும் வைத்தார்கள். ப்ரொவைடரின் பொருள் பட்டியல் ஒரு பொதுச் சொத்து. ஒருமுறை மக்கள் கைக்குப் போய்விட்டால் எழுதியவரின் விருப்பத்துக்கு மட்டும் அதை மாற்ற முடியாது.

உருவாக்கு, படி, திருத்து, அழி என்ற நான்கும் பொருந்தினால் போதும், கிளவுடே தேவையில்லை. கிட்ஹப் களஞ்சியங்களுக்கும் கிளவுட்ஃப்ளேர் டிஎன்எஸ்ஸுக்கும் ப்ரொவைடர் உண்டு. ஸ்பாட்டிஃபை பாட்டுப் பட்டியலுக்கும் உண்டு, டோமினோஸ் பீட்ஸாவுக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். ப்ரொவைடர் எழுதக் கற்றுக்கொள்பவர்களுக்காக ஹாஷிகார்ப், ஹாஷிகப்ஸ் என்ற கற்பனைக் காப்பிக் கடையையே கட்டிவைத்திருக்கிறது.

இந்த எல்லைக்கோட்டின் உறுதியைச் சோதிக்கும் நிகழ்ச்சி 2023 ஆகஸ்ட் 10 அன்று நடந்தது. ஹாஷிகார்ப் தன் கருவிகளின் திறந்த மூல உரிமத்தைக் கைவிட்டு, வணிகப் போட்டியாளர்களைக் கட்டுப்படுத்தும் உரிமத்துக்கு மாறியது. அதை ஏற்காதவர்கள் பழைய கோடிலிருந்து கிளைபிரித்து ஓப்பன்டோஃபு என்ற கருவியைத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதை ஏற்றுக்கொண்டது. 2024 ஜனவரியில் 1.6 பதிப்பு வெளியானது. ஐந்தே மாதத்தில் இது சாத்தியமானதற்கு ஒரு முக்கியக் காரணம், ப்ரொவைடர்கள் பழைய உரிமத்திலேயே இருந்தன, பேசும் நெறிமுறையும் எல்லோருக்கும் திறந்திருந்தது. மைய புரோகிராமைக் கிளைபிரிக்க முடிந்தது. பல வருட உழைப்பான அமேசான் அறிவைத் திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை. ஓப்பன்டோஃபு தனக்கென்று ஒரு ரெஜிஸ்ட்ரியை அமைத்து, அதே ப்ரொவைடர்களோடு கைகுலுக்கியது.

போட்டிக் கருவியான புலுமி இதற்கு முன்பே அந்த அறிவின் மதிப்பைப் புரிந்துகொண்டது. டைப்ஸ்கிரிப்ட், பைத்தான் போன்ற பொது மொழிகளில் கட்டமைப்பை எழுதலாம் என்பது அதன் சிறப்பு. அதன் உள்ளேயும் ப்ரொவைடர்கள் தனி புராசஸ்களே. தொடங்கியதும் வெளியீட்டில் தன் போர்ட் எண்ணை எழுதும். பிறகு சரிபார், வித்தியாசம் சொல், உருவாக்கு, படி, திருத்து, அழி என்று ஜிஆர்பிசியில் பேச்சு. அதன் அமேசான் ப்ரொவைடரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது டெராஃபார்ம் ப்ரொவைடரின் கோடுதான். நடுவில் ஒரு பாலம் இரண்டு நெறிமுறைகளையும் இணைக்கிறது.

இவ்வளவையும் மனிதர்கள் கையால் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா என்ற கேள்வி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. கூகுள் தன் கிளவுடுக்கான ப்ரொவைடரின் பெரும்பகுதியை மேஜிக் மாட்யூல்ஸ் என்ற கருவியால், விவரக்குறிப்பு ஃபைல்களிலிருந்து தானாக உருவாக்குகிறது. அமேசான் 2021இல் கிளவுட் கண்ட்ரோல் ஏபிஐயை வெளியிட்டபோது, பல சேவைகளை ஒரே மாதிரி அழைக்கும் வழி கிடைத்தது; அதன் மேல் முழுக்கத் தானாக உருவாகும் இரண்டாவது ப்ரொவைடர் ஒன்றும் வந்தது. புதிய சேவைகள் அதில் விரைவாக வருகின்றன. ஆனாலும் கையால் எழுதிய பழைய ப்ரொவைடர் ஓய்வு பெறவில்லை. இரண்டையும் ஒரே புராஜெக்ட்டில் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். கூகுளின் விவரக்குறிப்புகளிலும், பொது வார்ப்பில் அடங்காத பொருள்களுக்காகக் கையால் எழுதிய கோடை நடுவில் நுழைக்க இடம் விட்டிருக்கிறார்கள். எந்தப் பிழைக்குப் பொறுக்கலாம், எதற்குப் பொறுக்கக் கூடாது, எந்த ஏபிஐ சரி என்று சொல்லியும் வேலையை முடித்திருக்காது என்பவையெல்லாம் ஏபிஐயின் விவரக்குறிப்பில் முழுதாக எழுதப்படுவதில்லை. பயனர் ஒருவர் தடுக்கி விழுந்து புகார் எழுதும்போது அவை ப்ரொவைடரின் அடுத்த பதிப்புக்குள் வந்து சேர்கின்றன.